அம்மா மறந்த திதி

எங்கள் ஊரான உடுவிலில் யாருடைய திவசம் எப்போது வருகிறதென்று தெரியாவிட்டால் பஞ்சாங்கம் தேடமாட்டார்கள், அம்மாவிடம் வருவார்கள். அம்மா விரல் மடக்கிப் பார்த்து, "உங்கடை அம்மாவுக்கு ஆவணி வளர்பிறைத் தசமி. வாற வியாழன் வருது" என்பார். வந்தவர்கள் போன பிறகு, "பெத்த தாயின்ரை நாளும் தெரியாதாம்" என்று கொஞ்சம் ஏளனமாகச் சிரிக்கவும் செய்வார்.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் சண்டை தொடங்கியபோது நாங்கள் பதுங்குகுழிக்குள் கிடந்தோம். பேப்பர் இல்லை, ரேடியோவுக்குப் பற்றரி இல்லை. என்ன கிழமை என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஒரு காலை ஷெல் சத்தம் ஓய்ந்ததும் அப்பா சைக்கிளை எடுத்தார். "மருதனார்மடத்திலை ஒரு கடை திறந்திருக்காம். அரிசி வாங்கிக்கொண்டு வாறன்" என்றார். அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை.

அன்றைக்கு மழை பெய்தது என்றுதான் என் நினைவில் இருக்கிறது. வாசல் படலையடியில் அப்பாவின் சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாமி இல்லையென்கிறார். அந்த நாட்களில் நல்ல வெயிலாம். மாமி சொல்வதுதான் சரியாக இருக்கவேண்டும். பிறகு அழுதழுது நினைத்ததில் மழை எப்படியோ உள்ளே வந்துவிட்டது. இப்போது அதை வெளியே எடுக்க எனக்குத் தெரியவில்லை.

தேடாத இடமில்லை. அடுத்த ஐப்பசி நெருங்கியபோது பெரியப்பா வந்தார்.

"தம்பி இனி வரமாட்டான். அவன் வெளிக்கிட்டுப் போன நாளைச் சொல்லும், அந்தத் திதியிலை செய்வம்."

அம்மா விரலை மடக்கவேயில்லை. "எனக்கு ஞாபகமில்லை அத்தான்."

"ஊராற்றை நாளெல்லாம் ஞாபகம் இருக்கு. உமக்கு இது மட்டும் ஞாபகமில்லையோ?"

"இல்லை."

நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம் என்றார் ஐயர். அம்மா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று குங்குமத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஆனால் அப்பா அன்று என்ன சாப்பிட்டார், எந்தச் செருப்பை மாட்டினார், எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். நாளைக் கேட்டால் மட்டும் முகம் வெறித்துப்போகும். பொய் சொல்கிற அம்மாவை எனக்குத் தெரியும், அது இந்த முகமில்லை. அந்த நாள் நினைவுக்கு வந்தால் குங்குமத்தை அழிக்கவேண்டும். ஆகவே அது வரவில்லை. அப்படித்தான் இன்று நினைக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் ராணுவம் நெருங்கி வர, எங்கள் பகுதியான வலிகாமமே எழும்பி நடந்தபோது அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவர் வந்து ஆரைத் தேடுவார்?" என்று கேட்டார். இழுத்துக்கொண்டுதான் வந்தோம்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் பாய் விரித்திருந்த பெண், வரும் வழியில் தகப்பனைப் பறிகொடுத்தவள். யாரோ சொல்லி அம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, எல்லாரும் நடந்து வந்தமெல்லே, அண்டைக்கு விடியப்புறம் அப்பு போனவர். அது என்ன திதி?"

"வளர்பிறை அட்டமி" என்றார் அம்மா. அந்தப் பெண் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, யாரும் கேளாமலே சொன்னார்: "எங்கடை அவருக்குத் தேய்பிறைத் துவாதசி. இந்த வருஷம் அது கழிஞ்சு போச்சு."

நான் சோற்றுக் கோப்பையோடு நின்றேன். "அம்மா" என்றேன்.

"வீட்டையும் விட்டிட்டு வந்திட்டம் பிள்ளை. இனி அவர் எங்கை வாறது?"

எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது நெற்றியில் ஒன்றும் இல்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன்னே காணாமற்போன அப்பா, எனக்கு அன்று பின்னேரந்தான் செத்தார்.