சாய்ந்த முளைப்பாரி

செம்பாக்கத்தில் மாவுக்காரம்மா என்றால்தான் பேச்சியம்மாளைத் தெரியும். பரமக்குடியிலிருந்து வாழ வந்தவள். இட்லி மாவு விற்றே மகள் சுஜியைக் கட்டிக்கொடுத்தாள். எதற்கும் பதறாதவள் என்று பெயர். இந்த ஆடியில் அந்தப் பெயர் போயிற்று. நிறைமாதச் சுஜியின் வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. தலை கீழே திரும்பாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குழந்தை திரும்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, தெரு அம்மனுக்கு முளைப்பாரி போட்டாள் பேச்சியம்மாள். பின்னறை ஜன்னலைப் போர்வையால் மூடி, நவதானியம் விதைத்த சட்டியை இருட்டில் வைத்தாள். வெளிச்சம் படாமல் இருந்தால்தான் முளை வெளுத்து, நெட்டையாக வளரும். அந்த அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. முளைப்பாரி எடுக்கும்வரை அவள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூடாது. மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் ஷிப்ட். அப்பாவின் ஆட்டோவில் வாசலில் இறங்கி, சுஜி தனியாகவே ஸ்கேனுக்குப் போய்வந்தாள்.

விளக்கு வைத்த பிறகுதான் தண்ணீர் தெளிப்பது வழக்கம். ஒருநாள் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். முளை மொத்தமும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. குறுக்கே. சட்டியைத் திருப்பி வைத்தாள். மறுநாளும் அதே சுவரைப் பார்த்துத்தான் சாய்ந்திருந்தது. மாவில் உப்பில்லை என்று வாடிக்கைக்காரர்கள் திரும்ப வந்தார்கள்.

பொறுக்க முடியாமல் அடுத்த நாள் மத்தியானமே கதவைத் திறந்தாள். அந்தச் சுவரின் உச்சியில், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்த இடத்தில், வட்டமாக வானம்.

வாசலில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த கணவன் அன்புவிடம் போய்க் கேட்டாள்.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். நீதானே உள்ள வரக்கூடாதுன்ன? அதான் சந்துல ஏணி போட்டு, வெளியில இருந்தே கழட்டினேன்" என்றான். சொன்னபடி நடந்துகொண்ட பெருமை குரலில் இருந்தது.

நெஞ்சு லேசானது. வெறும் வெளிச்சம். ஸ்டூலில் ஏறி, ஓட்டையில் அட்டையை வைத்து டேப் ஒட்டத் தொடங்கினாள். இனி நிமிர்ந்துவிடும். பாதியில் கை நின்றது. சாய்ந்தது வெளிச்சத்தால் என்றால், நிமிர்வதும் இருட்டால்தான். அதில் சுஜிக்கு என்ன?

அன்றைக்கும் சுஜிக்கு ஸ்கேன்; அன்பு அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தான். சேலையை மாற்றிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"போகக்கூடாதுன்னியே?"

"வண்டிய எடு."

ஸ்கேன் அறையில் டாக்டர் திரையைப் பார்த்தபடி, இன்னும் திரும்பவில்லை என்றார். சுஜி அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நீ எதுக்கும்மா வந்த? சாமிக்குத்தம் ஆயிடப்போகுது."

"ஆனா ஆகட்டும். கையக் குடு."

கை சில்லிட்டிருந்தது. இத்தனை முறையும் இந்தக் கையோடுதான் தனியாக வந்து படுத்திருக்கிறாள்.