அவர் சொன்ன பொய்

என் கணவர் கொடிகாமத்தில் போக்குவரத்துப் பொலிஸ்காரராக இருந்தார். களவாக மணல் ஏற்றிவந்த டிப்பர் லொறியை ஒருநாள் சந்தையடியில் மறித்தார். அது நிற்காமல் அவரை மோதிக் கொன்றது. அதன்பிறகு அந்தச் சந்தைப் பக்கமே போகாத நான், அவருடைய ஆண்டுத் திவசத்துக்கு மரக்கறி வாங்கத்தான் போனேன்.

கத்தரிக்காய் விற்ற அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பிள்ளை, ஒவ்வொரு நாளும் விடிய அவர்தான் என்ரை கத்தரிக்காய்க் கடகப்பெட்டியைத் தூக்கி றோட்டைக் கடத்தி விடுறவர். பாரமெல்லோ எண்டு நான் கேட்டால், 'வீட்டிலை இதைவிடப் பாரம் தூக்கிறனான்' எண்டு சிரிப்பார்."

வீட்டில் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்காத மனிதர்!

"பச்சைப் பொய், அம்மா" என்றேன். இருவரும் சிரித்தோம். என் கணவர் போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"வேறை என்ன கதைக்கிறவர், சொல்லுங்கோ" என்று அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், விரித்திருந்த சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன்.