வளைவுக்காரி

பந்தயத்தன்று அடுப்பைப் பற்றவைத்ததும் அத்தை ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுவிடுவாள். பதினெட்டு வருடமாக இப்படித்தான். கரை முழுக்க ஜனங்கள் கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்க்க, அவள் ஒருத்தி ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தப் படகு முந்துகிறது என்பதை முகங்களிலேயே படித்துவிடுவாள். "அந்தத் தொப்பிக்காரன் நகத்தைக் கடிக்கிறான் பாரு. தீயணைப்புக்காரங்க படகு பின்னாடி தங்கிட்டுது." இதுவரை தப்பியதில்லை.

முதுகைக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. மேலே பாலத்தில் கூச்சல் எழுந்த நாலாவது நிமிடம் படகுகள் அவள் கடை போட்டிருக்கும் ஆற்று வளைவுக்கு வந்து சேரும். மெல்லிசாக வெட்டிய மீன் துண்டு பொரியவும் அதே நாலு நிமிடம். கூச்சல் காதில் விழுந்ததும் மீனை எண்ணெயில் போடுவாள். படகுகள் கடந்துபோய், ஜனம் மூச்சை விட்டுத் திரும்பும்போது முதல் ஈடு தயாராக இருக்கும். "கத்தின வாய் உடனே கேட்கும். ரெண்டு நிமிஷம் விட்டா வீட்டு ஞாபகம் வந்துடும்" என்பாள்.

அவளுக்குக் கோபம் வர நேரம் காலம் கிடையாது. "மீன் புதுசா?" என்று கேட்டவனிடம், "இல்லப்பா, போன வருஷப் பந்தயத்துல மிஞ்சினது" என்று சொல்லி வெறும் ரொட்டியை நீட்டுவாள். வரிசையில் முழங்கையால் இடிப்பவனுக்கு வால் துண்டு. ஒலிபெருக்கியில் வர்ணனை செய்கிறவர்மேல் தனிக் கடுப்பு: "கண்ணு இருக்கிறவனுக்கு எதுக்குக் கதை சொல்றான்?" கோபம் முற்றினால் குரல் ஏறாது. கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் அவள் அண்ணன் மகள் சின்ன வயதில் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள்.

மற்ற நாட்களில் அத்தை பேருந்து நிலையத்தின் பின்வாசலில் தள்ளுவண்டி போட்டிருப்பாள். அங்கே அவள் பத்தோடு பதினொன்று. பந்தயத்தன்று மட்டும் "வளைவுக்காரி எங்க?" என்று கேட்டுக்கொண்டு ஊரே வரும். அந்தப் பெயரை அவளுக்குக் கொடுத்தது அந்த இடம்தான்.

அண்ணன் மகளை அத்தை "டிகிரி" என்றுதான் கூப்பிடுவாள். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பந்தயக் குழு அலுவலகத்தில் வேலை கிடைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெளியூர்க்காரர்களுக்காக, எங்கே நின்று பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று ஒரு துண்டறிக்கை எழுதச் சொன்னார்கள். அவள் நேராக அத்தையிடம் போனாள். மீன் செதில் சுரண்டிக்கொண்டே அத்தை ஒன்றரை மணி நேரம் பேசினாள். அதுவரை அவளிடம் யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. "துடுப்புப் போடுறவங்க முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் வருவாங்க. முடிவுக்கோட்டுல போய் நிக்கிறவன் மடையன், முதுகைத்தான் பார்ப்பான். வளைவுல படகு திரும்பும் பாரு, அப்போ எட்டு மூஞ்சியும் நம்ம பக்கம் வரும். பல்லைக் கடிக்கிறது, கண்ணு சொருகுறது, எல்லாம் தெரியும்."

அதை அப்படியே நல்ல தமிழில் எழுதினாள். கடைசி வரி: 'அங்கேயே வளைவுக்காரியின் பொரித்த மீனும் ரொட்டியும் கிடைக்கும்.' குழுச் செயலாளர் படித்துவிட்டு அந்த வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். "உரிமம் இருக்கிற கடையை மட்டும்தான் போடணும்மா." அவள் "சரி சார்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. அடித்த வரிக்கு மேல் வரியில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது, அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த நேரத்தில் எப்படி அந்தப் பிழை கண்ணில் பட்டது என்று இன்றுவரை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

துண்டறிக்கை குழுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவைத்தோமே என்று வளைவில் மூன்றடுக்கு மேடை கட்டினார்கள். நீலத் துணி, நுழைவுச் சீட்டு, அட்டைப்பெட்டியில் சாப்பாடு. அத்தைக்கு ஒரு சீட்டு வந்தது: வண்டிகள் நிறுத்தும் திடலில், பம்பு அறைக்குப் பின்னால் கடை போட்டுக்கொள்ளலாம். அன்றிலிருந்து பத்து நாள் டிகிரி அத்தை வீட்டுப் பக்கம் போகவில்லை. அப்பாவிடம் "வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவைத்தாள்.

பந்தயத்தன்று கழுத்தில் அடையாள அட்டையோடு போய் நின்றாள். பம்பு அறைக்குப் பின்னால் ஆறு தெரியவில்லை. மோட்டார் இரைச்சலில் பாலத்துக் கூச்சலும் கேட்கவில்லை. அத்தை தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தாள். பிறகு குத்துமதிப்பாக மீனைப் போட்டாள். வாங்க ஆள் இல்லை. எடுக்க மனமில்லாமல் விட்டதில் அத்தனையும் கருகியது. அத்தையின் சட்டியில் மீன் கருகி டிகிரி பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்தார். கையில் துண்டறிக்கைக் கட்டு.

"என்னம்மா, இங்க நல்ல நிழலா இருக்கு இல்ல?"

"அப்போ நீங்க இங்க நில்லுங்க. நான் அங்க போய் வெயில்ல நிக்கிறேன்."

அவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "வளைவு நல்ல இடம்னு இந்த வருஷம்தான் கண்ணு தெரிஞ்சுதா? யாரு சொன்னது உங்களுக்கு?"

"எல்லாம் நம்ம பொண்ணுதான்! எவ்வளவு அழகா எழுதியிருக்கு பாருங்க." ஒரு தாளை உருவி அத்தையிடம் கொடுத்துவிட்டு அவர் மேடைப் பக்கம் போனார்.

கரண்டி இரண்டு முறை விளிம்பில் தட்டியது.

"படி."

"அத்தை..."

"படிக்கத்தானே படிச்ச? படிடி."

டிகிரி படித்தாள். பல்லைக் கடிப்பது, கண் சொருகுவது எல்லாம் வந்தன. அவள் குரலில் அந்தத் தமிழ் வழவழவென்று ஓடியது. தாள் முடிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நான் சொன்னது அத்தனையும் இருக்கு. என்னைத்தான் காணோம்."

"எழுதியிருந்தேன் அத்தை. அவர்தான் அடிச்சுட்டாரு."

"அவன் அடிச்சான், சரி. நீ என்ன சொன்ன?"

டிகிரி தரையைப் பார்த்தாள். "சரி சார்னு சொன்னேன்."

அத்தை அவள் முகத்தையே பார்த்தாள். ஜனங்களின் முகத்தைப் படிக்கும் அதே பார்வை. கருகிய மீனைச் சட்டியோடு மண்ணில் கவிழ்த்தாள். "கை எண்ணெயா இருக்கு. இல்லேன்னா இப்பவே விட்டிருப்பேன். உனக்கு ஒரு அறை பாக்கி, ஞாபகம் வச்சுக்க."

பிறகு பானைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். விரல் விரலாகத் துடைத்தாள். டிகிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கண் திறந்தபோது அத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு திடலின் மறு கோடியில் போய்க்கொண்டிருந்தாள்.

மறு வாரம் டிகிரி ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனாள்: அடுத்த பந்தயத்துக்கு வளைவிலேயே இடம் வேண்டும், அதற்கு உரிமம் வேண்டும். அது எந்த இழுப்பறைக்குள் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இழுப்பறையைத் தினமும் திறந்து மூடுகிறவளே அவள்தான்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "மீன்னு எங்க எழுதியிருக்க? காட்டு."

காட்டினாள். அந்த வரியின் கீழ் ஈர விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு அத்தை கையெழுத்துப் போட்டாள். "நீயே கொண்டுபோய் அவன் கையில குடு. மாட்டேன்னு சொன்னா, சரி சார்னு மட்டும் திரும்பி வந்துடாத."

"அத்தை, அந்த அறையைக் குடுத்துடு. தூக்கமே வரமாட்டேங்குது."

"வராம இருக்கட்டும். வளைவுல அடுப்பு வைக்கிற அன்னைக்கு வந்து வாங்கிக்க."

சொல்லிவிட்டு அத்தை மனுவைத் தள்ளி வைத்தாள். பலகையில் அடுத்த மீனைப் போட்டு, ஒரே வெட்டில் தலையைத் துண்டாக்கினாள்.