ஆம்பூர் கேட்டில் சிங்கப்பூர் போன்

பிள்ளைகளே, ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் தோல் வண்டியோடு நிற்கிறேன். கேட் பாஸ் என் போனில் வந்தால்தான் லோடை இறக்க முடியும்; இல்லையென்றால் இன்று வீட்டுக்கு வர முடியாது. போனை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். நெட் இருக்கிறது, ஆனால் ஆப் ‘இந்தியாவில் மட்டும் திறக்கும்’ என்கிறது.

வாட்ச்மேன் பாய் போனை வாங்கிப் பார்க்கிறார்.

“இன்னா டிரைவரே, சிங்கப்பூர்லயா நிக்கிறீங்க? மேல சாவி படம் பாருங்க. விபிஎன் ஓடுது, போன் வேற நாட்டுல இருக்கிற மாதிரி காட்டும்.”

“பசங்க கார்ட்டூன் பாக்கப் போட்டதுங்க பாய்.”

“இங்க நின்னுக்கினு அந்த ஊரு வழியா பாஸ் கேட்டா எப்படி வரும்? அழிச்சிடட்டா?”

“வேணாம் பாய், பசங்க அழுவுங்க.”

சிரித்துக்கொண்டே செட்டிங்கில் போய், கேட் பாஸ் ஆப்பை மட்டும் விபிஎன்னிலிருந்து விலக்குகிறார். பாஸ் வந்துவிடுகிறது. கேட் திறக்கிறது.

உங்கள் கார்ட்டூன் அப்படியே இருக்கிறது. தூங்கிவிடாதீர்கள், வந்து நானும் பார்க்கிறேன்.