நான்கு பெரிய சில்லுகள்

பெற்றோலுக்கு ஆட்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற வருடம் அது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் நின்ற வாகனங்களில் ஓடிக்கொண்டிருந்தது எங்களுடைய பழைய மின்சாரக் கார் மட்டும்தான். கீழ்வீட்டுக்காரர் காணும்போதெல்லாம், "உமக்கென்ன ஐசே, வயரைச் செருகிப்போட்டு நித்திரை கொள்ளலாம்" என்பார். கரண்டும்தான் இல்லையே என்றால் சிரிப்பார்.

ஒரு மழை நாளில், தெமட்டகொடையில், தண்ணீர் மூடிய குழியொன்றில் காரின் இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் அடுத்தடுத்து இறங்கின. இரண்டு ரிம்மும் வெடித்துவிட்டன. இறக்குமதி நின்றிருந்ததால் கம்பனிச் சில்லு ஒன்றுகூட எங்கேயும் கிடைக்கவில்லை. மனைவியும் நானும் பழைய வாகனச் சாமான்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் ஒட்டுப்போட்ட ரிம் இரண்டைக் காட்டிவிட்டு, அவற்றுக்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். அடுத்தது ஒரு செட் இரும்புச் சில்லுகள், நான்கு. எங்கள் காரின் அளவுதான், ஒடுக்கமானவை, துருவின் மேல் கறுப்பு மை பூசியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு செட் பெரிய அலோய் சில்லுகள் நல்ல அகல டயர்களோடு கிடந்தன. பெற்றோல் கிடைக்காமல் காரை நிறுத்திவிட்ட யாரோ கழற்றி விற்றவை. செட் ஒன்றின் விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எது நல்லது என்று கேட்டேன். "தெகம ஹரி, மஹத்தயா" என்றார். இரண்டுமே சரிதானாம்.

மனைவி இரும்புச் சில்லைச் செருப்பு நுனியால் தட்டினாள். "இதைப் போட்டா சூன்பாண் வண்டியெண்டு நினைச்சு ஆக்கள் பாண் வாங்க வருவினம்" என்றாள். பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைகளுக்குள் பேக்கரிப் பாண் விற்க வரும் முச்சக்கரவண்டியைச் சொன்னாள். சிங்களத்தில் சொன்னபோது கடைக்காரரும் சிரித்தார். அந்த மாதங்களில் நாங்கள் சிரித்தது குறைவு. பெரிய சில்லுகளையே வாங்கினோம்.

கார் பார்வைக்கு எடுப்பாக இருந்தது. ஆனால் முழுச் சார்ஜில் முன்பு போன தூரம் போகவில்லை. பெரிய ரிம் பாரம். அகல டயர் றோட்டைக் கூடுதலாகப் பிடிக்கும். எல்லாவற்றையும் அந்தப் பழைய பற்றரிதான் இழுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் இருந்த என் வேலைக்குப் போய்வர அது போதும் என்பதால் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

மனைவியின் ஒரே தங்கை நீர்கொழும்பில் இருந்தாள். டெங்குக் காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் பயமில்லை என்றார்கள். ஞாயிறு காலை அவளின் புருசன், என் சகலன், போன் எடுத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். "அக்கா வாறாவோ எண்டு கேட்டபடி கிடக்கிறா. கெதியா வாங்கோ" என்றார்.

இரவு கரண்ட் போனதால் பற்றரி அரைவாசிக்குச் சற்றுக் கூடத்தான் ஏறியிருந்தது. அப்படியே புறப்பட்டோம். ஏசி போடவில்லை. களனிப் பாலம் தாண்டி வத்தளை வரும்போதே முகப்புத் திரையில் பற்றரி எண் வேகமாக இறங்குவது தெரிந்தது. மனைவி றோட்டைப் பார்க்கவில்லை, அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சில்லுதான் குடிக்குதோ?" என்று கேட்டாள். மெதுவாகப் போனால் போய்ச் சேரக் காணும் என்று சொன்னேன்.

கந்தானையில் முகப்பில் ஒரு சின்ன ஆமைப் படம் எரிந்தது. பற்றரி முடியப்போகிறது, இனி கார் தானாகவே வேகம் குறைந்து ஊரும் என்பதற்கான அடையாளம் அது. ஒரு வீட்டு மதிலோரம் நிறுத்தினேன். பஸ் ஒன்று ஆட்கள் தொங்கத் தொங்க நிற்காமலே போனது. ஞாயிறு என்பதால் ரயில் பின்னேரம்தான். அந்த வீட்டிலிருந்து ஒரு சிங்கள அம்மா வெளியே வந்தார். மனைவி சொல்லத் தொடங்கியதுமே, "அனே" என்று இரங்கியபடி உள்ளே போய், சார்ஜ் ஏற்ற ஒரு வயரை ஜன்னலால் நீட்டினார். வயர் மெல்லியது, சூடேறிவிடும் என்று வீட்டு மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தினார். மகனிடம் மோட்டார்சைக்கிள் இருந்தது, பெற்றோல் இல்லை. பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டி முதல் நாளிலிருந்து வரிசையில் நின்றது.

சிறிது நேரத்தில் அந்தப் பகுதிக்கும் கரண்ட் போனது. காரின் சார்ஜ் விளக்கு அணைந்ததை மூன்று பேரும் பார்த்தோம். அந்த அம்மா வெறுந்தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு எங்களோடு படியில் இருந்தார். நான் மாறி மாறித் தெரிந்தவர்களுக்குப் போன் எடுத்தேன். வாகனம் இருந்தவர்களிடம் பெற்றோல் இருக்கவில்லை.

மத்தியானம் தாண்டி சகலனின் அழைப்பு வந்தது. மனைவி போனைக் காதில் வைத்து "ஓம்" என்றாள். பிறகும் ஒருமுறை "ஓம்" என்றாள். போனை என்னிடம் தந்துவிட்டுக் குடிக்காத தேநீரை நிலத்தில் வைத்தாள். அந்த அம்மாவுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. தங்கையின் பெயரை மட்டும் கேட்டார். வீட்டு முற்றத்தில் இருந்த மாதா சொரூபத்தின் முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, அந்தத் தமிழ்ப் பெயரைத் தன் உச்சரிப்பில் இரண்டு தரம் சொன்னார். கரண்ட் பிறகுதான் வந்தது.

செத்தவீடு முடிந்து வந்த கிழமையே நான் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். இரும்புச் சில்லுகள் விலைப்படாமல் அதே இடத்தில் கிடந்தன. பெரியவற்றைக் கொடுத்து அவற்றை மாட்டினேன். இனி மாற்றி ஆகப்போவது எதுவுமில்லை என்பது கடையில் நிற்கும்போதே தெரியும். மனைவி வாசலில் காரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு, இரும்புச் சில்லுகளோடு அதே காரில் போனோம். அன்றைக்கும் இரவு கரண்ட் போய், பற்றரி அந்த ஞாயிறு இருந்த அளவில்தான் நின்றது. கந்தானையில் இறங்கி அந்த அம்மாவுக்குப் பழங்கள் கொடுத்தோம். எங்களைக் கண்டதும் அவர் முதலில் வயரைத்தான் எடுத்துவந்தார். நான் முகப்பைப் பார்த்துவிட்டு, வேண்டாம் அம்மா, சார்ஜ் இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் மனைவி பக்கத்தில் நிற்பதைக் கண்டேன்.

நீர்கொழும்பில் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது அவள் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள்.

"இன்னும் கிடக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு, பின்னேரங்களில் சூன்பாண் வண்டியின் பாட்டு ஒழுங்கைக்குள் வந்தால் அவள் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள். பாட்டு தூரம் போகும்வரை தண்ணீர் ஓடும். ஒரு பகிடிக்குச் சேர்ந்து சிரித்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவருக்குச் சொல்லக்கூடிய ஆறுதல் எதுவும் இல்லை என்பதை, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு பின்னேரமும் நான் திரும்பவும் தெரிந்துகொள்கிறேன்.