ஹுல்டா ஒட்டுக்கேட்கவில்லை

எங்கள் சாலையில் எட்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் கம்பி. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எட்டு வீட்டிலும் அடிக்கும். எங்கள் வீட்டுக்கு மூன்று குட்டை மணி. பாஸ்டர் வீட்டுக்கு ஒரே ஒரு நீட்டு மணி. ஆர்வில்லா டட்டில் வீட்டுக்கு இரண்டு நீட்டு, ஒரு குட்டை. அவரவர் மணி அடிக்கும்போது மட்டும் எடுக்க வேண்டும் என்பது டெலிபோன் கம்பெனியின் ஆசை. கம்பெனிக்காரர்கள் எங்கள் அயோவா மாகாணத்தின் குளிர்காலத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. முழங்காலுக்கு மேல் பனி கிடக்கும்போது, அடுத்த வீட்டுக்காரி தன் அக்காவிடம் என்ன பேசுகிறாள் என்று கேட்காமல் ஒரு மனுஷி பொழுதை எப்படித்தான் ஓட்டுவாள்? நான் கேட்டேன். எல்லோரும் கேட்டார்கள். கேட்பதே இல்லை என்று சொன்ன ஒரே ஆள் ஹுல்டா பிரெக்கெ. எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டவளும் அவள்தான்.

ஹுல்டா விதவை. சாலை முடிகிற இடத்தில் அவள் வீடு. அதற்கு அப்பால் சோளக் காடுதான். கணவர் நெல்ஸ் யுத்தத்துக்கு முன்பே போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. ஆள் நல்ல உயரம், நடந்து வந்தால் ஏணி வருவதுபோல இருக்கும். சமையலறைச் சுவரில் போன் பெட்டி. அதற்கு நேர் எதிரே நெல்ஸ் ஆசையாக வாங்கி மாட்டிய குக்கூ கடிகாரம்; அரை மணிக்கு ஒரு தடவை மரப் பறவை ஒன்று வெளியே வந்து கூவும். அந்தக் கடிகாரம்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. யாராவது பேசிக்கொண்டிருக்கையில் நடுவே "டக் டக்" என்று கேட்டால் ஹுல்டா எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். உடனே பேச்சு வானிலைக்குத் தாவிவிடும். கொஞ்ச நாளில் அவளும் சுதாரித்துக்கொண்டு, பேசுகிற குழாயின்மேல் ஒரு சமையலறைத் துண்டை மடித்துக் கட்டிவிட்டாள். டக் டக் நின்றது. ஆனால் கேக் நிற்கவில்லை.

அதுதான் அவளுடைய வழக்கம். யாருக்காவது காய்ச்சல் என்று இரவு போனில் பேச்சு வந்தால், காலையில் இலவங்கப்பட்டை கேக்கும் கையுமாக வாசலில் நிற்பாள். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்பாள். அவள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் வந்தாலும் அது இந்தப் பக்கம்தான், வேறு பக்கமே கிடையாது. கேக் கல்லு மாதிரி இருக்கும். ஆனால் கேட்டதை அவள் ஒருநாளும் வம்பாக மாற்றியதில்லை. அது எனக்கு வராத குணம், அதனால் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டாள். ஆர்வில்லா ஆறாவது பிள்ளை உண்டாகியிருப்பதை டாக்டரிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டாள். கணவன் எம்மெட்டிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். அன்றைக்குக் கோழி பொரித்து, அவனை நல்ல மனநிலைக்குக் கொண்டுவந்துவிட்டுச் சொல்வதாகத் திட்டம். சனிக்கிழமையே ஹுல்டா வந்து எம்மெட் கையில் பாதி பின்னிய குட்டி ஸ்வெட்டரைக் கொடுத்து, "கழுத்து அளவு சரியா இருக்குமான்னு ஆர்வில்லாகிட்ட கேட்டுச் சொல்லு" என்றாளாம். எம்மெட் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், "இது யாருக்குடி?" என்று கேட்டான்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் கோயிலின் நிலவறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஆர்வில்லா வெடித்தாள்.

"என் புருஷன்கிட்ட நான் சொல்ல வேண்டியதை நீ எதுக்குச் சொன்னே? அஞ்சு பிள்ளைக்கும் நான்தான் சொன்னேன். அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குன்னு இருக்கறது. அதையும் ஒட்டுக்கேட்டு எடுத்துக்கிட்டியே!"

ஹுல்டாவின் முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள். மேசைமேல் கிடந்த பாட்டுப் புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"சத்தியமாச் சொல்றேன். நான் யாரோட போனையும் கேட்டதில்லை."

"அப்போ ஸ்வெட்டர்?"

"பின்னணும்னு தோணுச்சு. பின்னினேன்."

பாஸ்டர் தன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே கம்பிதானே. "இவ வாயிலிருந்து உண்மை வர்ற வரைக்கும் இவகூட எனக்குப் பேச்சில்லை" என்று சொல்லிவிட்டு ஆர்வில்லா போய்விட்டாள். இரண்டு வருஷம் பேச்சில்லை. ஆறாவது பிள்ளை பிறந்தது, நடந்தது, ஸ்வெட்டர் போட முடியாத அளவுக்குக் குண்டானது. அப்போதும் பேச்சில்லை.

இதற்கிடையில் ஊருக்குக் கரண்ட் வந்தது. யுத்தம் முடிந்தால் எல்லாம் மலியும் என்றார்கள். மாட்டிறைச்சி ஏறியது, காப்பி ஏறியது. இறங்கியது நாங்கள் விற்கிற முட்டையின் விலைதான். டவுன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சலவை இயந்திரம் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. நூற்று முப்பத்தொன்பது டாலர். ஆர்வில்லாவுக்கு டாலரில் எண்ண வராது, முட்டையில்தான் வரும். "முந்நூத்தி அம்பது டஜன்டி லியோனா" என்பாள் என்னிடம். "என் கோழிகளுக்கு வயசாயிடும்." எம்மெட்டிடம் கேட்டால், "டிராக்டர் தவணை முடியட்டும்" என்பான். "டிராக்டர்ல துணி தோய்க்க முடியுமா?" என்று அவள் கேட்டதற்கு, யோசித்துப் பார்க்கிறேன் என்றானாம். எம்மெட் அப்படிப்பட்ட ஆள்.

எங்கள் பக்கத்தில் திங்கட்கிழமை என்றால் துணி தோய்க்கிற நாள். ஆறு பிள்ளை, ஒரு எம்மெட். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை ஆர்வில்லா தோய்ப்புப் பலகையில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். சவுக்காரம் அவள் விரல்களை வெடிக்க வைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கையுறையைக் கழற்றாமலே காப்பி குடிப்பாள்.

வானொலியில் செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பரிசு நிகழ்ச்சி வந்தது. ஒரு சென்ட் அஞ்சலட்டையில் பெயரும் ஊரும் எழுதிப் போட்டால், குலுக்கி எடுத்து, நிகழ்ச்சி நடக்கும்போதே போனில் கூப்பிடுவார்கள். கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் அந்த வாரப் பரிசு. ஆர்வில்லா வாராவாரம் எழுதிப் போட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பரிசு, அதே சலவை இயந்திரம்.

நான் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இரண்டு நீட்டு, ஒரு குட்டை. அதே நேரத்தில் ரேடியோவில் அறிவிப்பாளர், "ஆர்வில்லா டட்டில் அம்மாவைக் கூப்பிடுகிறோம்!" என்றார். சோப்புக் கையோடு ஓடிப்போய் எடுத்தேன். எட்டு வீட்டிலும் எடுத்தோம். அங்கேதான் வந்தது வம்பு. ஒரு கம்பியில் எத்தனை பேர் காதை வைக்கிறார்களோ அவ்வளவுக்குக் குரல் மெலிந்துபோகும். அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும் கொசு மாதிரி ஆகிவிட்டது.

"மேடம், கேட்குதா?"

"என்ன? என்ன சொல்றீங்க?"

"மேடம், உங்க குரலே வரலையே!"

ஆர்வில்லா மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். பிறகு, மாகாணம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, கத்தினாள்.

"எல்லாரும் போனை வைங்கடி! லியோனா, வைடி! பாஸ்டர், நீங்களுந்தான்!"

க்ளிக். க்ளிக். க்ளிக். ஒவ்வொன்றாக வைத்தோம். தொண்டையைச் செருமிக்கொண்டு வைத்தது பாஸ்டர். நான் வைத்துவிட்டு ரேடியோவுக்கு ஓடினேன். இப்போது அறிவிப்பாளரின் குரல் கணீரென்று வந்தது.

"அது என்ன சத்தம் மேடம்?"

"ஒண்ணுமில்லைங்க. கம்பியில குருவிங்க. இப்போ பறந்துடுச்சு."

"சரி, கேள்வி! நம்ம நிலையத்துல மத்தியானம் வர்ற டாக்டர் தொடர்கதை கேக்கறீங்களா? நேத்து, திங்கட்கிழமை, டாக்டரோட கோட்டுப் பையில அவர் மனைவிக்கு என்ன கிடைச்சுது? பத்து எண்ணறதுக்குள்ள சொல்லணும். ஒண்ணு..."

பாவிகள், திங்கட்கிழமையா கேட்க வேண்டும்! வாரம் முழுக்க அந்தக் கதையைக் கேட்கிற ஆர்வில்லா, திங்கட்கிழமை மட்டும் தோய்ப்புத் தொட்டியில் குனிந்து கிடப்பாள். விட்டுப்போனதை அடுத்தடுத்த நாள் கதையிலிருந்து ஊகித்துக்கொள்வாள். இயந்திரம் இருந்திருந்தால் அவளுக்கு விடை தெரிந்திருக்கும். விடை தெரிந்தால்தான் இயந்திரம். அறிவிப்பாளர் நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே போனார். ஆர்வில்லாவின் மூச்சு மட்டும் ரேடியோவில் கேட்டது.

"நான்... நேத்து துணி தோய்ச்சிக்கிட்டிருந்தேங்க" என்றாள். அழுகிற குரல்.

அப்போது ரேடியோவில் ஒரு சத்தம் வந்தது. டக் டக். டக் டக்.

யாரோ துண்டை அவிழ்த்துவிட்டார்கள். பேச வேண்டுமென்றால் அவிழ்த்துத்தானே ஆக வேண்டும். வாயைத் திறந்தால் பாட்டுப் புத்தகத்தின்மேல் செய்தது பொய்ச் சத்தியம் என்றாகிவிடும். அதுவும் ஆர்வில்லா காதில், பாஸ்டர் காதில், அயோவா முழுவதின் காதில். திறக்காவிட்டால் ஆர்வில்லா சாகிற வரை பலகையில் தேய்ப்பாள். யோசிக்க ஹுல்டாவுக்கு மூன்று எண்ணிக்கை நேரம்தான் இருந்தது.

"கையுறை" என்றது ஹுல்டாவின் குரல். "பச்சை. இடது கையோடது."

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

"சரியான பதில்!" என்ற அறிவிப்பாளர் உடனே தயங்கினார். "ஆனா குரல் வேற மாதிரி இருக்கே. விதிப்படி வீட்டு ஆள்தான் சொல்லணும். மேடம், பேசினது உங்க வீட்டு ஆளா?"

அந்தக் குருவிகளைத் தவிர, ஆர்வில்லா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பொய்க்காகத்தான் அவள் இரண்டு வருஷம் ஒருத்தியோடு பேசாமல் இருந்தாள். ரேடியோ சும்மா இரைந்தது. எனக்கு அதை உடைக்கலாம்போல இருந்தது.

"ஆமாங்க" என்றாள் ஆர்வில்லா. "எங்க வீட்டு ஆள்தான். என் அக்கா."

சரியாக அந்த நேரம் பார்த்து அரை மணிக்கு அந்தப் பறவை வெளியே வந்து "குக்கூ" என்றது.

"அந்தப் பறவை?"

"அதுவும் எங்க வீட்டுதுதான்."

இயந்திரம் அடுத்த வாரம் லாரியில் வந்து இறங்கியது. எட்டு வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்தக் கம்பி காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். ஹுல்டா மட்டும் பொய்ச் சத்தியம் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாஸ்டரிடம் போனாள். அவர், "எனக்கு எதுவும் தெரியாதும்மா, நான் போனை வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதன் பொருள் புரிந்து சிவந்துபோனாராம்.

முதல் திங்கட்கிழமை ஹுல்டா ஒரு கேக்கோடு ஆர்வில்லா வீட்டு வாசலில் நின்றாள். நான் இயந்திரத்தைப் பார்க்க ஏற்கெனவே உள்ளே போயிருந்தேன்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றாள் ஹுல்டா. பிறகு, "அன்னிக்கு நான் ஒண்ணும் ஒட்டுக்கேக்கலை. போனைத் துடைக்கலாம்னு எடுத்தேன்."

"சரி. துடைக்கறப்போ நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"உள்ள வா. அடுத்த தடவை உன் அழுக்குத் துணியையும் கொண்டா. என்னைப் பொய் சொல்ல வெச்சதுக்குத் துணியைப் பிழியற வேலை உன்னுது."

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் ஹுல்டா அங்கேதான். மத்தியானம் இரண்டு பேரும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே ரேடியோவை அலறவிட்டு டாக்டர் கதை கேட்பார்கள். ஏழாவது உண்டானபோது ஆர்வில்லா முதலில் எம்மெட்டிடம் சொன்னாள். அப்புறம் தன் சொந்த அக்காவுக்குப் போன் போட்டு, பேச்சின் நடுவே, "ஹுல்டா, இப்போ பின்னலாம்" என்றாள். நான் கேட்டேன். துண்டுக்குப் பின்னாலிருந்து பதில் எதுவும் வரவில்லை. ஆனால் பழைய ஸ்வெட்டர் இருக்கும்போதே புதிது ஒன்று வந்தது.

சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு வசந்த காலத்தில் ஹுல்டா தூக்கத்திலேயே போய்விட்டாள். அழுதேன். இன்றைக்கும் போனை எடுத்தால் அந்த டக் டக் வருமா என்று காது தேடுகிறது. அடக்கத்துக்கு மினியாபொலிஸிலிருந்து நெல்ஸின் அண்ணன் மகன் ரோலண்ட் வந்து, கோயில் வாசலில் நின்று ஆட்களை உட்கார வைத்தான். முதல் வரிசை குடும்பத்துக்கு. அதில் உட்காரக் குடும்பம் என்று அவனைத் தவிர யாரும் இல்லை. ஆர்வில்லா, பின்னால் எம்மெட், அவனுக்குப் பின்னால் ஏழு பிள்ளைகள் என்று நேராக முதல் வரிசைக்கு நடந்தார்கள்.

ரோலண்ட் மரியாதையாகத்தான் குறுக்கே வந்தான். "மன்னிக்கணும் மேடம், இது குடும்பத்துக்காரங்க வரிசை. நீங்க வீட்டு ஆளா?"

"தங்கச்சிப்பா" என்றாள் ஆர்வில்லா. "ரேடியோவுலயே சொல்லியாச்சு. தள்ளிக்கோ."

அவன் எங்களைப் பார்த்தான். பின்வரிசைகளில் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தோம், பிரசங்க மேடையில் பாஸ்டர். ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. பையன் தள்ளிக்கொண்டான்.