ரஹமத் அக்கா பெயர்த்த கல்

ஞாயிறு காலை டோல்கேட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். ரஹமத் அக்காவின் தங்கை அழைத்தார். "அக்கா மவுத்தாயிட்டாங்க." இறப்புச் செய்தி அவ்வளவுதான். ஆட்டோ வந்தது. ஏறவில்லை.

ராயபுரத்தில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளியில் அட்டிகை செய்து, பொன்முலாம் பூசி, கெம்புக் கல் பதித்து, ராஜா காலத்து நகைபோலக் கருக்க வைப்பார். துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் நிற்கும் நாட்களில் பயணிகள் ஊர் நினைவாக வாங்கிப் போவார்கள். கூடவே போகும் ஆங்கிலக் குறிப்பு அட்டையை எழுதுவது என் வேலை.

"வெள்ளக்காரங்கள ஏமாத்துறியாக்கா?" என்று பக்கத்துக் கடைக்காரர் சீண்டுவார்.

"புதுசுன்னு சொல்லித்தான் விக்கிறேன் நைனா. உன் கட பிரியாணி மாறி இல்ல."

ஒருமுறை என் அட்டைதான் வினையாயிற்று. 'பத்தொன்பதாம் நூற்றாண்டு அட்டிகை' என்று எழுதியிருந்தேன். நான் சொன்னது வடிவத்தை. சுங்க அதிகாரி அதை வயதாகப் படித்தார். பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கடத்துவதாக ஒரு வெள்ளைக்கார மூதாட்டியைக் கப்பலேற விடாமல் நிறுத்திவிட்டார். செய்தி வந்ததும் அக்காவும் நானும் துறைமுகத்துக்கு ஓடினோம்.

அதிகாரி அட்டிகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எது பழசுன்னு எனக்குத் தெரியாதாம்மா? இந்த வேலை இப்ப யாருக்கும் வராது. வித்தது நீங்கன்னா உங்க மேலயும் கேஸ்."

அக்கா சிரித்துவிட்டார். "இன்னா சார், திட்டுறீங்களா, புகழ்றீங்களா?"

அதிகாரி சிரிக்கவில்லை. அக்கா முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, நடுக்கல்லை நெம்பினார். மூன்று வாரம் உட்கார்ந்து செய்த அட்டிகை. கல் அரக்கோடு பெயர்ந்தது. குழிக்குள் மடித்த காகிதம். தினசரி காலண்டரின் ஒரு துண்டு. நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. கல் பதிக்கும் நாளின் தாளை ஒவ்வொரு நகைக்குள்ளும் அவர் வைத்து மூடுவது எனக்கே அன்றுதான் தெரியும்.

"நான் செஞ்சது சார். பொங்கலுக்கு அப்பால."

அதிகாரி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழிவிட்டார். வேறு நகை தருகிறேன் என்று அக்கா சைகை காட்டினார். மூதாட்டி மறுத்து, நடுவில் குழியோடு அதையே அணிந்துகொண்டு கப்பலேறினார்.

வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன்.

"வுடுபா. நானும் நல்லா செஞ்சிட்டேன், நீயும் நல்லா எழுதிட்ட. அதான் பேஜாரு."

தன் வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டை அவர் தன் ஊசியாலேயே பெயர்த்தெடுத்தார். நான் எழுதிய பக்கத்தை யாராவது புகழும்போது அந்தக் கை நினைவுக்கு வருகிறது. திரும்ப எடுத்துப் பார்க்கிறேன், எழுதிய நாள் அதற்குள் இருக்கிறதா என்று.